மணலில் இறங்கும் குட்டி யானை! - ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் ஒரு காலைப் பொழுது

“புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கிறதா என்ன?” என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இருக்கிறது சகோதரிகளே! அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று ‘பட்டினம்’ சேர்ந்த ஊர்களாகவே கடலோரத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. இவற்றில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுகளுக்குப் பெயர் போனவை. நம் அடுப்பில் கொதிக்கும் நண்டுக்கும் கணவாய்க்கும் இந்த ஊர்களோடு எத்தனையோ முறை சம்பந்தம் இருந்திருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். ஆவுடையார்கோயில் வழியாகச் சுற்றிக்கொண்டும் போகலாம். மாணிக்கவாசகரோடு தொடர்புடைய அந்தக் கோயிலில் கல்லைக் கூரை ஓலை மாதிரி மெல்லியதாக இழைத்திருக்கிறார்கள். சுடச்சுட வடித்த புழுங்கலரிசிச் சாதத்தின் ஆவிதான் அங்கே நைவேத்தியம். கூடவே கீரையும் பாகற்காயும் உண்டு. பார்த்துவிட்டு மீமிசல் வந்து வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஜெகதாப்பட்டினம்.

இங்கே இருப்பது பாக் விரிகுடா. மெரினாவில் பார்க்கிற மாதிரி ஆளை விழுங்குகிற அலையெல்லாம் கிடையாது. ஆழம் குறைந்த, அமைதியான கடல். அடியில் கடல்புல் வளர்கிறது. அதை மேய வரும் கடல் பசுவைக் காப்பாற்ற, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல் பசுவுக்கென்று ஏற்பட்ட முதல் காப்பகம் இதுதான்.

விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள். மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு ஓய்வு. மீன் குஞ்சு பெருகட்டும் என்று விடுகிற காலம் அது. அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏன் எகிறுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

இரண்டு சக்கரம்தான் இழுக்கும்

நான் சொல்ல வந்தது மீனைப் பற்றி மட்டுமல்ல. அந்த மீனைக் கரையிலிருந்து தூக்கி வரும் வண்டியைப் பற்றி!

2005-இல் டாடா ஏஸ் என்ற சின்ன லாரி வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்கறி, தண்ணீர்க் கேன், வீடு மாற்றும் சாமான் எல்லாம் அதில்தான். கடலோரத்தில் அதற்கும், அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளுக்கும் மீன் பெட்டி ஏற்றுவதுதான் வேலை. படகுத்துறை வரைக்கும் சாலை இருந்தால் கவலை இல்லை. நாட்டுப்படகு மணலில் கரையேறினால், ஒன்று கூடையைத் தலையில் சுமந்து சாலைக்கு வர வேண்டும். இல்லையென்றால் வண்டி மணலில் இறங்க வேண்டும்.

மலையேறும் ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும். குட்டி யானையில் பின்னால் உள்ள இரண்டு சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அதிலும் ஒரு வேடிக்கை: ஒரு பக்கச் சக்கரம் மணலில் வழுக்க ஆரம்பித்தால், எஞ்சினின் வலுவெல்லாம் அந்தப் பக்கமே ஓடிப் போகும். அது சும்மா சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும். நல்ல தரையில் நிற்கும் மற்ற சக்கரம் வேடிக்கை பார்க்கும். சில வீடுகளில் வேலை நடக்கிற மாதிரிதான்!

அன்று காலை, மீன் வாங்க வந்த பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். ஓட்டி வந்த பையனுக்கு 25 வயது இருக்கும். சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினான். இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து போய்த் திரும்பி வந்தான்.

“என்ன தம்பி, நடந்து பாக்குறே?” என்றேன்.

“வண்டிக்கு முன்னாடி நாம நடக்கணும்க்கா. குதிகால் எவ்வளவு பொதியுதுன்னு பாத்தா, சக்கரம் எங்க பொதியும்னு தெரிஞ்சிரும். இங்கன மேல மணல், சில இடத்துல அடியில சேறு. மணல்ல மாட்டுனா எடுத்துரலாம். சேத்துல மாட்டுனா டிராக்டரு வரணும்” என்றான்.

பிறகு சக்கரம் சக்கரமாகக் காற்றை இறக்கினான். ஒவ்வொன்றையும் கேஜ் வைத்து அளந்து பார்த்தான். டயர் லேசாக வயிறு தள்ளி உட்கார்ந்தது. “காத்த எறக்குனா வண்டி இன்னும் பொதியாதா?” என்று நான் கேட்டதற்கு, கூடையோடு நின்ற அம்மாள் ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: “ஒட்டகத்துக்குக் கால் எப்படிம்மா இருக்கு? ஆட்டுக்கு எப்படி இருக்கு? அதான்!”

சப்பாத்தி மாவு சொல்லும் பாடம்

எத்தனை சரியான பதில்! உருட்டி வைத்த சப்பாத்தி மாவைப் பலகையில் வைத்தால் கொஞ்சம் இடத்தில்தான் ஒட்டும். உள்ளங்கையால் அழுத்தினால் பரந்துவிடும். டயரும் அப்படித்தான். காற்று நிறைய இருந்தால் உருண்டையாக நின்று, வண்டியின் பாரத்தை ஒரு சின்ன இடத்தில் இறக்கி மணலைக் கிழிக்கும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் தரையில் படும் இடம் ஏறக்குறைய இரு மடங்காகும். அதே பாரம்தான், ஆனால் பரவலாக விழுவதால் டயர் மணலின் மேலேயே மிதந்து போகும். ஊசிக் குதிகால் செருப்போடு கடற்கரைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஈர மணல் ஏன் கெட்டி? குழந்தைகள் மணல் வீடு கட்டுவதைப் பாருங்கள். காய்ந்த மணலில் சுவர் நிற்காது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நிற்கும். அந்தத் துளித் தண்ணீர்தான் மணலைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்காகத் தண்ணீர் தளும்பும் ஓரத்துக்கே போய்விட்டால் மறுபடியும் குழைந்துவிடும். நடுவில் உள்ள ஈர மணலே வண்டிக்கு நல்ல பாதை.

அந்தப் பையன் வண்டியை எடுத்த விதத்தையும் கவனித்தேன். உறுமல் இல்லை, பாய்ச்சல் இல்லை. இரண்டாவது கியரில் நிதானமாக, நிறுத்தாமல் போனான். அகலமாக வட்டம் போட்டுத் திரும்பினான். நிற்கும்போது பிரேக்கை அழுத்தவில்லை. தானாக உருண்டு நிற்க விட்டான். மணலில் சட்டென்று பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு கட்டிக்கொள்ளும். பிறகு கிளம்புவது கஷ்டம். சாய்வில் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்தினான், புறப்படும்போது சுலபமாக இருக்க.

இத்தனை ஜாக்கிரதை எதற்கு? அந்தப் பெண்களின் முதல் பனிக்கட்டியில் கரைந்துகொண்டிருக்கிறது! நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. வண்டி அரை மணி நேரம் மணலில் மாட்டினால் ஐஸ் கரையும், மீன் கண் மங்கும், விலை இறங்கும். அன்றைய லாபம் போய்விடும். “வண்டி பொதிஞ்சா எங்க வயித்துலதான் பொதியும்” என்றார் அந்த அம்மாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் மனசில் தைத்தது.

பாலைவனத்திலும் இதே வித்தை

ரால்ஃப் பாக்னால்ட் என்று ஓர் ஆங்கிலேயப் பட்டாளத்துக்காரர். 1920-களின் கடைசியிலும் 30-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர். காற்றைக் குறைப்பது, சிக்கினால் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு போடுவது எல்லாம் அவர் கையாண்ட முறைகள். 1940-இல் அவர் எகிப்தில் அமைத்த பாலைவனப் படை, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் செவர்லே வியாபார லாரிகளில்தான் முதலில் கிளம்பியது. 1941-இல் மணலைப் பற்றியே ஒரு விஞ்ஞானப் புத்தகம் எழுதினார். ‘நேஷனல் வெல்வெட்’ நாவலை எழுதிய ஈனிட் பாக்னால்ட் இவருடைய அக்காதான்!

நம் தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 டிசம்பர் புயல் சாலையையும் ரயிலையும் ஊரையும் கொண்டு போன பிறகு, யாத்ரிகர்களை மணலிலும் சேற்றிலும் கடல் நீரிலுமாக வேன்களிலும் ஜீப்புகளிலும் ஏற்றிச் சென்றார்கள். 2017-இல் அரிச்சல்முனைக்குப் புதுச் சாலை திறக்கும் வரைக்கும் பழகிய ஓட்டுநர்களின் கைதான் துணை. செவ்வாய்க் கிரகத்தில்கூட ‘ஸ்பிரிட்’ என்ற ஊர்தி 2009-இல் மென்மணலில் சிக்கி, கடைசி வரை வெளியே வரவே இல்லை. ஆக, மணலிடம் வீறாப்பு செல்லாது!

நம் வீட்டுக் கார் மாட்டிக்கொண்டால்...

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் ஜாஸ்தி. கடலைக் கண்டதும் “தண்ணி வரைக்கும் ஓட்டிட்டுப் போலாம்ப்பா!” என்று பிள்ளைகள் குதிக்கும். அப்பாவுக்கும் ஆசை வரும். “வேண்டாங்க, இங்கேயே நிறுத்திட்டு நடந்து போலாம்” என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதுதான் முதல் யோசனை.

மீறி மாட்டிக்கொண்டால், பின்வருவதை ஞாபகம் வையுங்கள்.

1. சக்கரம் சுற்றத் தொடங்கிய நொடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள். உறும உறும வண்டி அடிவயிறு தட்டும் வரை இறங்கும்.

2. எல்லோரும் இறங்குங்கள். பாரம் குறையும்.

3. புகைக்குழாய் மணலில் மூடியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏ.ஸி. போட்டுக் குழந்தையை உள்ளே உட்கார வைக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத விஷவாயு வண்டிக்குள் புகக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிற குழந்தை தூங்கியபடியே மயங்கிவிடும். இதை மட்டுமாவது நாலு பேரிடம் சொல்லுங்கள்.

4. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைக் கையாலோ மண்வெட்டியாலோ வாரி எடுங்கள். காற்றைக் குறையுங்கள். காருக்குச் சாதாரணமாக 30-35 பாயிண்ட் இருக்கும். மணலில் 20 வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுகொள்ளும். பாரம் ஏற்றிய வண்டிக்கு அவ்வளவு இறக்கக் கூடாது.

5. சக்கரத்தின் கீழே பலகை, தென்னை மட்டை, கனத்த சாக்கு போடலாம். பழைய வலையைப் போடாதீர்கள், அச்சில் சுற்றிக்கொள்ளும். முதலில் வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பார்ப்பது நல்லது.

6. தள்ளும்போது சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பலகை பறந்து வந்து காலில் அடிக்கும். கயிறு கட்டி இழுத்தால், கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்குக் குழந்தைகளை அப்பால் அழைத்துப் போய்விடுங்கள். அறுந்த கயிறு சாட்டையாய்ச் சுழலும்.

7. சாலைக்கு வந்ததும் மெதுவாகப் போய் முதல் வேலையாகக் காற்றடியுங்கள். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட அரிவாள்மணை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா!

அது பிறர் வீட்டு முற்றம்

இன்னொரு விஷயம். நமக்கு உல்லாசமாகத் தெரியும் கடற்கரை, அங்கே இருப்பவர்களுக்கு வேலை செய்யும் இடம். வலை காய்வதும் அங்கேதான், கருவாடு காய்வதும் அங்கேதான். அந்தப் பையன் வண்டியை ஓட்டியபோது இதையெல்லாம் விலக்கி, ஏற்கெனவே இருந்த தடத்திலேயே போனான். மணலைக் கட்டிக் காக்கும் அடும்புக்கொடியின் மேல் சக்கரம் படவில்லை. தமிழகக் கிழக்குக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடும் காலம். அவற்றின் கூடு மேலே பார்த்தால் தெரியாது. பிழைப்புக்காக மணலில் இறங்குகிறவர்களே இவ்வளவு பார்த்து இறங்கும்போது, பொழுதுபோக்குக்குப் போகிற நாம் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு நடந்தால் என்ன குறைந்துவிடும்?

ஜெகதாப்பட்டினம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். குழந்தைகளுக்குத் தொப்பியும் நிறையக் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் போட்டு எடுத்து வர ஒரு பெட்டியும் வேண்டும். கண் தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத மீனாகப் பார்த்து வாங்குங்கள். விலை பேசும்போது, அந்த மீன் சாலைக்கு வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால், ரொம்பவும் கறாராகப் பேரம் பேச மனசு வராது.