லயத்துக்குப் போகும் பார்சல்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மேலே ஏறும் பாதையில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் ஒரு கொமினிகேஷன் கடை இருக்கும். போட்டோ கொப்பி, ரீலோட், மின்சார பில், அடையாள அட்டைக்குப் படம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது என்று எல்லாம் அங்கேதான் நடக்கும். நான் நடத்துவதும் அப்படி ஒரு கடை. முன்பு போட்டோ கொப்பி இயந்திரம்தான் சோறு போட்டது. இப்போது கடையைத் தாங்குவது, தோட்டத்துச் சனங்களுக்காக இணையத்தில் பொருள் வாங்கிக் கொடுப்பதும் அவர்களுடைய பணத்தை அனுப்பி எடுத்துக் கொடுப்பதும். மின்வணிகத்தைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் வாங்குகிறவர், விற்கிறவர், இருவருக்கும் நடுவில் ஒரு திரை மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் நடுவில் ஒரு ஆளும் நிற்கிறான். அந்த ஆளுடைய தொழிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மலையிலிருந்து வேலை முடிந்து வரும் அக்கா ஒருத்தி போனை நீட்டி, “தம்பி, மகளுக்கு இந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஒரு சப்பாத்து எடுத்துக் குடு” என்பார். நான் சப்பாத்து நம்பர் கேட்பதில்லை. நம்பருக்கு ஊருக்கு ஒரு கணக்கு. வெளிநாட்டு உற்பத்தியில் 37 என்று போட்டிருப்பது ஒருவருக்குச் சரியாக இருக்கும், இன்னொருவருக்குக் கடிக்கும். கொப்பித் தாளில் பிள்ளையின் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். காலையில் வேண்டாம், நடந்து திரிந்து கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், மேசும் போட்டுக்கொண்டு. குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்து, அரை சென்டிமீட்டர் கூட்டி, விற்பவர் கொடுத்திருக்கும் சென்டிமீட்டர் அட்டவணையோடு பார்ப்பேன். அட்டவணையே போடாத விற்பனையாளரிடம் சப்பாத்து எடுக்க மாட்டேன்.

அடுத்தது விமர்சனம் வாசிப்பது. ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு நட்சத்திரம் போட்டவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். பொருளில் உண்மையாக என்ன கோளாறு என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். விற்பவர் போட்ட படத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வாங்கியவர் வீட்டில் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போட்ட படம்தான் சரியான நிறத்தைக் காட்டும். கம்பளி, ஸ்வெட்டர் என்றால் எடையைப் பார்ப்பேன். படத்தில் தடிப்பாகத் தெரியும், கீழே விவரத்தில் 700 கிராம் என்று இருக்கும். அந்தக் கம்பளி கொழும்பு ஏசி அறைக்குச் சரி, தை மாத நுவரெலியாப் பனிக்கு ஆகாது. போனாக இருந்தால், பழைய போனை நேரில் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை 1909க்கு அனுப்பித் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பார்க்காமல் காசைக் கையை விட்டு விடாதீர்கள்.

இதெல்லாம் எந்த ஊர்க் கடைக்காரனும் கற்றுக்கொள்ளக் கூடியது. எங்கள் மலைக்கென்றே தனியாக ஒரு வித்தை உண்டு, அது நாட்கணக்கு. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. மாத நடுவே ஒரு அட்வான்ஸ், தீபாவளிக்கு ஒரு முற்பணம். பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் ஓடர் போட்டால், பார்சல் 11க்கும் 15க்கும் இடையில் வந்து சேர வேண்டும். 25ஆம் திகதி வந்தால் வீட்டில் காசு இருக்காது, பார்சல் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போவது சின்ன விஷயம் இல்லை. பார்சல் அடிக்கடி திரும்பும் நம்பருக்குச் சில விற்பனையாளர்கள் அடுத்த முறை முன்காசு கேட்கிறார்கள். என் நம்பரில் பல குடும்பங்களின் ஓடர் போவதால் ஒரு வீட்டுப் பார்சல் திரும்பினாலும் எல்லோருக்கும் கெடுதல். ஆகவே கொழும்பில் இருக்கும் பொருளை மாதத்தின் ஐந்து, ஆறாம் திகதியில் போடுவேன். கடல் கடந்து வரும் பொருளைப் பாடசாலைத் தவணை தொடங்கும் நேரத்துக்கு நம்பிப் போடவே மாட்டேன்.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் 1,350. மாதம் முழுக்கப் பேர், அதாவது நாள் வேலைப் பதிவு, விழுந்தால்தான் ஒரு சாதாரண ஸ்மார்ட் போனின் விலை கைக்கு வரும். மழை நாளில் கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் சம்பள நாளில் மூட்டையோடு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலுக்கு வரும் புடவைக்காரர் இன்னும் தோற்கவில்லை. அவர் கடன் கொடுக்கிறார், மூன்று மாதத்தில் தவணையாக வாங்கிக்கொள்கிறார், வீட்டில் சாவு விழுந்தால் ஒரு மாதம் பொறுக்கிறார். இணையக் கடையிலும் தவணை உண்டு, ஆனால் அதற்கு வங்கி அட்டை வேண்டும். விலை மலிவாக இருந்தும் புடவை விஷயத்தில் பெண்கள் ஏன் அவரை விடுவதில்லை என்று கேட்பவர்கள் எங்கள் சம்பளத் துண்டை ஒரு முறை வாங்கிப் பார்க்க வேண்டும்.

பணம் அனுப்புவதில்தான் மலையகம் அடியோடு மாறியது. பெட்டாவிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கும் எங்கள் பிள்ளைகள் முன்பு மணியோடர் போடுவார்கள், அல்லது ஊருக்கு வரும் யாரிடமாவது கவரில் வைத்துக் கொடுத்து விடுவார்கள். மணியோடர் தபாற்கந்தோருக்கு வந்து, தோட்டத்துக்குப் போய், அம்மா கைக்கு வர எத்தனை நாள் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2012இல் டயலொக் நிறுவனம் ஈசி கேஷ் தொடங்கியது. பட்டன் போனிலேயே வேலை செய்தது, வங்கிக் கணக்கும் தேவைப்படவில்லை. காலையில் பையன் அனுப்புகிறான், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் அம்மா என் கடையில் எடுத்துக்கொள்கிறார். மத்திய வங்கி நாடு முழுவதும் பரப்பிய லங்கா கியூஆர் ஒட்டியும் என் கண்ணாடியில் இருக்கிறது. அதை ஆசிரியர்களும் கந்தோர்க்காரரும்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். தோட்டத்துச் சனம் இன்னும் தாளை எண்ணித்தான் வாங்கும், நானும் இரண்டு முறை எண்ணித்தான் கொடுப்பேன்.

இந்த இடத்தில்தான் தொழிலின் சோதனை வருகிறது. “நம்பரெல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது, நீயே வச்சுக்க தம்பி” என்று ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும் அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அது நம்பிக்கை. வாங்கி வைத்துக்கொண்டால் எனக்கும் வேலை சுலபம், வாடிக்கையும் வேறு கடைக்குப் போகாது. ஆனால் எங்கள் சரித்திரம் தெரிந்தவன் அதைச் செய்யக் கூடாது. இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த பெரிய கங்காணியும் நடுவில் நின்ற ஆள்தான். முற்பணம் அவர் கையால் வந்தது, சம்பளமும் அவர் கை வழியாகத்தான் போனது. கடனை எழுதிய துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது. இன்று கடை லாச்சியில் பத்துக் குடும்பங்களின் ஏடிஎம் அட்டை கிடந்தால் அதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? கடனுக்கு அடகாக அட்டையை வாங்கி வைத்து, சம்பளம் விழுந்த அன்றே தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும் கடைகள் மலையகத்தில் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை, எங்கள் சனங்களுக்கே தெரியும்.

ஆகவே என் கடையில் எண்ணை உரியவர்தான் அழுத்த வேண்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் இது முடியும். பட்டன் இருக்கும் இடத்தை விரல் ஞாபகம் வைத்துக்கொள்கிறது; மேலே இடது மூலை, நடு, கீழே நடு என்று இரண்டு மூன்று முறை காட்டினால் போதும். கொழுந்தில் எதை விட வேண்டும், எதைக் கிள்ள வேண்டும் என்று பார்க்காமலே அறியும் விரல்களுக்கு நாலு பட்டன் ஒரு பெரிய வேலையா? வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் சத்தமாக வாசித்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு கட்டணம், மிச்சம் எவ்வளவு என்று சின்னத் தாளில் எழுதிக் கையில் கொடுப்பேன். கட்டணத்தை வேலைக்கு முன்பே சொல்லிவிடுவேன். மெனக்கெடுதான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வந்தால் ஓடிவந்து என்னிடம் காட்டுகிற பழக்கமும் இப்படித்தான் வந்தது. போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் திருடன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆள் சேர்த்தால் காசு வரும் என்று வட்ஸ்அப் குழுவில் சொல்கிற பிரமிட் திட்டங்கள்தான் அதைவிடக் கெட்டவை, ஏனென்றால் அவற்றைக் கொண்டுவருபவர் சொந்தக்காரராக இருப்பார். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி அது குற்றம் என்று மத்திய வங்கி எத்தனையோ தடவை விளம்பரம் செய்துவிட்டது. மாமன் மகன் சொல்லும்போது எவர் சட்டப் பிரிவைக் கேட்கிறார்!

விற்பனைப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் முளைவிடும் நிலைதான். கந்தப்பளைப் பக்கம் லீக்ஸ், கரட் போடுகிறவர்கள் தம்புள்ளைச் சந்தை விலையைப் போனில் கேட்டுவிட்டுத்தான் தரகரோடு பேசுகிறார்கள். லயத்துப் பெண்கள் சிலர் வட்ஸ்அப்பில் படம் போட்டு ஜாக்கெட் தைக்க ஓடர் எடுக்கிறார்கள். நுவரெலியாவில் அறை வைத்திருப்பவர்களுக்கு முன்பதிவுத் தளங்கள் இல்லாமல் ஏப்ரல் சீசனே இல்லை, ஆனால் அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு என்பது வேறு கட்டுரைக்கு உரியது.

மலையகத்தின் மிகப் பெரிய மின்வணிகம் நடப்பதோ கொழும்பில், எங்கள் யார் கண்ணிலும் படாமல். 1883 ஜூலையில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், தரகர் கூவ, வாங்குவோர் குரல் கொடுக்க, நேருக்கு நேராகவே நூற்றுமுப்பது வருடத்துக்கும் மேலாக நடந்தது. கணினிக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு நீண்ட காலமாக இருந்தும் நகரவில்லை. கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஏலம் திரைக்குப் போய்விட்டது. இந்த விஷயத்தில் நீலகிரி எங்களுக்கு மூத்தது, 2003இலேயே குன்னூரில் டீசர்வ் என்ற அமைப்பு மின்னணு ஏலத்தைத் தொடங்கிவிட்டது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து கப்பலேறிப் போன எங்கள் உறவுகளில் பலர் கொழுந்து கிள்ளுவதும் அந்த நீலகிரியில்தான்.

ஏல முறையில் எனக்குப் பிடித்த விஷயம், தேயிலைக்கு அங்கே கிடைக்கும் மரியாதை. ஒவ்வொரு லொட்டுக்கும் எண் உண்டு, தோட்டத்தின் மார்க் உண்டு, பிஓபியா பிஓபிஎஃபா என்று தரம் உண்டு, எத்தனை மூடை, எத்தனை கிலோ என்று பட்டியல் உண்டு. முன்கூட்டியே மாதிரி போகிறது, சுவைப்பவர் ருசி பார்த்து மதிப்புப் போடுகிறார். வாங்குபவர் எங்கிருந்தாலும் எந்தத் தொழிற்சாலையின் தேயிலை என்பதில் சந்தேகம் வராது. அதே தோட்டத்தில் அந்தக் கொழுந்தைக் கிள்ளிய பெண்ணுக்கு ஒரு பார்சல் அனுப்பிப் பாருங்கள்.

பெரும்பாலான லயங்களில் வீட்டுக்கென்று தனி இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கிருந்து யார் கையிலாவது போய்ச் சேரும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்தபின் கிடைத்த பிள்ளைகளின் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாவது உண்டு. இணையக் கடையின் படிவமோ வீட்டு இலக்கம் எழுதாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நான் அந்தக் கட்டத்தில் என் கடை இலக்கத்தைப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, கோயிலடி லயமா பிரட்டுக்களத்து லயமா என்று எழுதுவேன். ஒரே பிரிவில் மூன்று செல்வி இருப்பார்கள், தகப்பன் பெயர் இல்லாவிட்டால் சண்டை வரும். போன் நம்பரும் என்னுடையதுதான். மலையில் நிற்கும்போது அவர்களுக்கு சிக்னல் இருக்காது, கூரியர்ப் பையன் இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். இப்படிப் பல குடும்பங்களின் முகவரி என் கடைப் பலகைதான். நான் கடை பூட்டும் நாளில் அவர்களுக்கு முகவரி இல்லை. தொழிலுக்கு இது இலாபம், ஆனாலும் இது சரியில்லை.

பிரதேச சபைக்குத் தோட்டத்துக்குள் வேலை செய்ய அதிகாரம் இல்லை என்று முப்பது வருடம் காரணம் சொன்னார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அதே வருடம் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. லயத்துக்கு ஒரு பெயர், கதவுக்கு ஒரு இலக்கம், தபாற்கந்தோரில் அதற்கு ஒரு பதிவு: இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, தகரமும் பெயின்ட்டும் போதும். சபை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கொமினிகேஷன் கடைக்காரர்களான நாங்கள் ஒவ்வொரு பிரிவின் லயப் பட்டியலையும் எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.