போர்ட்டன் கிராமத்து நடைபாதையும் நம்ம ஆலயத்துப் பாதையும்



மகளைப் பார்க்க இங்கிலாந்து போய் மூணு வாரம் இருந்துட்டு வந்ததிலிருந்து, ஆலயத்தில் பார்க்கிறவங்க எல்லாரும் லண்டன் எப்படி இருந்துச்சுன்னுதான் கேட்கிறீங்க. லண்டனில் நாங்கள் இருந்தது ரெண்டே நாள். கூட்டம், விலைவாசி, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது வேறு ஒரு ஊரைப் பற்றி. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். நம் ஆலயத்துப் பாதை விஷயமும் இதில் இருக்கு.

மகள் செல்டனம் நகரில் தாதியாக வேலை பார்க்கிறாள். அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் என்கிற கிராமம் வந்துவிடும். குளோஸ்டர்ஷயர் மாவட்டம், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி. வீடுகள் எல்லாம் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லில் கட்டியது, பார்க்க வெல்லப்பாகு நிறம். ஊர் நடுவே விண்ட்ரஷ் ஆறு ஓடுது. ஆறு என்றதும் நம்ம பேராக் ஆற்றை நினைக்காதீங்க. பிள்ளைகள் இறங்கி நடக்கிற ஆழம்தான், அடியில் கிடக்கிற கல் தெரியும். மேலே தாழ்வான கல் பாலங்கள். இந்தச் சின்னத் தண்ணீர்தான் போய்த் தேம்ஸ் நதியில் சேருது.

ஊருக்குள் சுற்றுலா பஸ், ஐஸ்கிரீம் கடை, படம் எடுக்கிற கூட்டம். உண்மையைச் சொன்னால் அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பத்து நிமிஷம் நடந்து ஊரைத் தாண்டினால் சத்தமே இல்லை. ரோமானியர் காலத்து ஃபாஸ் வே சாலையை மட்டும் பார்த்துக் கடக்கணும், அதில் இப்போ கார்கள் வேகமாக வரும். அதற்கு அப்புறம் வயல் நடுவே ஒரே சமப்பாதை.

வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம் என்று உங்களுக்குத் தெரியும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனாலும் இப்போது கீழே நின்றுதான் கும்பிடுகிறார், 272 படி ஏற முடியாது. அவரே இந்தப் பாதையில் கைத்தடி இல்லாமல் நடந்தார். போர்ட்டனிலிருந்து லோவர் ஸ்லாட்டர் கிராமம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து அப்பர் ஸ்லாட்டர் இன்னும் ஒன்றரை. போக வர ஏழு கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆங்காங்கே உட்கார்ந்து உட்கார்ந்து நாலு மணி நேரம் ஆக்கினோம்.

ஸ்லாட்டர் என்ற பெயரைக் கேட்டதும், "மாடு வெட்டுற ஊரா? வேணாம்"னு அம்மா நின்றுவிட்டார். மகள் சிரித்தாள். பழைய ஆங்கிலத்தில் சேற்று நிலத்துக்கு இருந்த சொல்லிலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள். அந்தக் கிராமத்திலும் ஐ என்று ஒரு குட்டி ஆறு, வீட்டு வாசலை ஒட்டி ஓடுது. ஓரத்தில் ஒரு பழைய மாவு ஆலை, தண்ணீர்ச் சக்கரம் இன்னும் இருக்கு, பக்கத்தில் செங்கல் புகைபோக்கி. 1086-ல் அரசர் எடுத்த நிலக் கணக்கிலேயே இந்த இடத்தில் ஆலை பதிவாகி இருக்காம். ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெஷின் பார்த்த பழக்கம், சக்கரத்தின் அச்சைப் பார்த்தபடி கால் மணி நேரம் அங்கேயே நின்றாச்சு. வீட்டில் திட்டு விழுந்தது.

ஆலையைத் தாண்டினால் பாதை ஆட்டு மந்தை மேய்கிற புல்வெளிக்குள் போகுது. இங்கேதான் எங்களுக்குத் தயக்கம் வந்தது. வேலி இருக்கு, கதவு இருக்கு, உள்ளே யாரோ ஒருத்தருடைய ஆடு. நம்ம ஊர் வழக்கப்படி இது அடுத்தவர் நிலம், உள்ளே போனால் நாய் வரும், இல்லாட்டி ஜாகா வருவார். மகள் கதவைத் திறந்து, "வாங்கப்பா, இது பொதுப்பாதை" என்றாள். கதவுக் கட்டையில் சின்னதாக மஞ்சள் அம்புக்குறி. மஞ்சள் என்றால் நடந்து போகிறவர்களுக்கு, நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் கூடப் போகலாம். நிலம் விவசாயிக்குச் சொந்தம்தான். அதன் மேல் நடந்து போகிற உரிமை எல்லாருக்கும் சொந்தம். அவர் நினைத்தாலும் பூட்ட முடியாது. வயலை உழுதால் பதினாலு நாளுக்குள் பாதையைத் திரும்பச் சரி செய்து கொடுக்கணும். நடக்கிறவங்களுக்கும் கடமை இருக்கு, பாதையை விட்டு விலகக் கூடாது, திறந்த கதவைச் சாத்திவிட்டுப் போகணும், ஆட்டை மிரட்டக் கூடாது. கதவையே ஆள் நுழையலாம், மாடு நுழைய முடியாதபடி வளைத்து அமைத்திருக்கிறார்கள். அந்த வேலைப்பாடு எங்களுக்கு ரொம்பப் பிடித்தது.

இது எப்படி வந்தது என்று அன்று இரவு மகளை உட்கார வைத்துக் கேட்டோம். பள்ளிக்கூடத்துக்கு, தேவாலயத்துக்கு, ஆலைக்கு, பக்கத்து ஊர்ச் சந்தைக்கு என்று மக்கள் காலங்காலமாக நடந்த தடங்கள்தான் அவை. 1949-ல் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு மாவட்டமும் தன் பாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றார்கள். ஊர்ப் பெரியவர்களே எங்கே எங்கே பாதை இருக்கு என்று நடந்து பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப் பதிவான பாதைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 225,000 கிலோமீட்டர். வரைபடத்தில் இல்லாத பாதைக்கும் வழி உண்டு. இருபது வருஷம் யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிந்து போகாமல், தடை இல்லாமல் மக்கள் நடந்து வந்ததைக் காட்டினால் அது பொதுப்பாதை ஆகலாம் என்று 1980 சட்டத்தில் இருக்கு. நிலக்காரர், "நான் பொதுப்பாதையாக விடவில்லை" என்று முன்பே தெளிவாகக் காட்டியிருந்தால் மட்டும் கஷ்டம்.

சும்மா கிடைத்ததும் இல்லை. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்து இளந்தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலை மேல் ஏறிப் போனார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போ இருபது வயசு. வாரம் முழுக்க ஆலைப் புகையில் நிற்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று எவ்வளவு முக்கியம் என்று நம்ம ஃபேக்டரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பர் ஸ்லாட்டரில் இன்னொன்று. இரண்டு உலகப் போருக்கும் அந்த ஊரிலிருந்து போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஊர்கள் மிகக் கொஞ்சம். ஊர் மண்டபத்தில் அதற்காக ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம், நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. அங்கே ஒரு கல் சுவரில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். நம்ம தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஆட்கள் ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தாவின் தம்பியும் அதில் ஒருவர். திரும்பி வரவில்லை. எத்தனை பேர் போனார்கள், என்ன பெயர் என்று நம்மிடம் ஒரு பலகையும் இல்லை, ஒரு தாளும் இல்லை. அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் மாதத்திலும் மழைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், புல்வெளியில் சேறு இருக்கும். கழிவறை வேலையைப் போர்ட்டனிலேயே முடித்துவிடுங்கள்.

இப்போ நம்ம விஷயம். பெரிய ரோட்டிலிருந்து ஆலயத்துக்கு வரும் செம்மண் பாதை, பால்மரம் இருந்த காலத்திலிருந்து நாம் நடக்கும் பாதை. தோட்டம் கைமாறி, செம்பனையும் போய், போன வருஷம் இரும்பு கேட் வந்தது உங்களுக்கே தெரியும். மாலை ஆறு மணிக்குப் பூட்டு. வயசானவங்க வெள்ளிக்கிழமை பூசைக்கு நாலு கிலோமீட்டர் சுற்றி வர்றாங்க. சிலர் வருவதையே நிறுத்திட்டாங்க.

இங்கிலாந்துச் சட்டம் இங்கே செல்லாது. ரொம்ப நாள் நடந்தோம் என்பதற்காக மட்டும் நம் நாட்டில் உரிமை வந்துவிடாது. மாவட்ட நில அலுவலகத்தில் வழி கேட்டு விண்ணப்பம் போடணும். நிர்வாகக் குழு அதைத் தயார் செய்துகொண்டிருக்கிறது. விண்ணப்பத்தோடு, இந்தப் பாதையில் நாம் எவ்வளவு காலமாகப் போய் வருகிறோம் என்று காட்டவும் ஏதாவது கையில் வேண்டும். இதுவரை நம்மிடம் இருப்பது 1987 திருவிழாவில் எடுத்த ஒரே படம், அதிலும் ரதம்தான் தெரியுது, பாதை தெரியவில்லை.

அதனால் பழைய கல்யாணப் படம், தீமிதிப் படம், காவடிப் படம், ஆலய ரசீது, தோட்டத்து அடையாளச் சீட்டு எது இருந்தாலும் இந்த வெள்ளிக்கிழமை எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலை அங்கேயே திருப்பித் தருவோம். எழுபது வயசுக்கு மேற்பட்ட பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள இரண்டு பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு மண்டபத்தில் இருப்பார்கள். சயாமுக்குப் போனவர்களின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சுற்றி வர முடியாதவர்கள் கீழே எழுதுங்கள், ஐந்தரைக்கு ரோட்டு முனைக்கு வேன் அனுப்புகிறோம்.