வெல்ஷ் துரையும் வளரியும்

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்பொன்றில், எனது பதினான்காம் பிராயத்தில் ஒரு முதியவரிடம் சிலம்பம் பயின்றேன். வெற்றிலை பாக்கு அன்றி வேறு தக்ஷிணை அவர் பெற்றதில்லை. பின்னர் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த வாய்க்கால் வழக்கொன்றில் அவர் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னார். அவ்வாண்டு ஆடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வடத்தின் அருகே என்னைக் கண்டு அவர் புன்னகையுடன் நின்றார். யான் கண்டும் காணாதவன் போற் சென்றேன்.

இதனை மீண்டும் நினைப்பூட்டியது நம் கல்லூரி நூல்நிலையத்தில் யான் படித்த ஒரு நூல். ஜேம்ஸ் வெல்ஷ் என்பார் எழுதி, 1830-இல் இலண்டனில் இரு பாகங்களாக வெளிவந்த போர் நினைவுகள். 1775-இற் பிறந்த இவர், இளமையிலேயே கும்பினியாரின் சென்னைப் படையிற் சேர்ந்து, பல்லாண்டு இந்நாட்டிற் கழித்து, ஜெனரல் பதவியும் எய்தி, 1861-இல் மறைந்தார். 1809 பெப்ருவரியில் ஆரல்வாய்மொழி அரண்களைத் தாக்கிக் கைப்பற்றியவர் இவரே. அவருக்குப் புகழ் தந்தது அச்செயல். எனினும் என் மனம் அங்குத் தங்கவில்லை.

1795-இல் இவர் மதுரையில் இளம் அதிகாரியாக இருந்த காலத்தில், சிவகங்கைச் சின்ன மருது இவருக்கு நண்பரானார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் அவரே. பிறைபோல் வளைந்து ஒருமுனை பருத்த அவ்வாயுதம், கைதேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். சிறுவயல் மாளிகையில் காவலரே இல்லை, யாரும் தடையின்றி வந்து போவர் என்றும் துரை வியந்து எழுதுகிறார்.

ஆறே ஆண்டுகள் சென்றன. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. தப்பிய ஊமைத்துரைக்கு மருது சகோதரர் அடைக்கலம் அளிக்கவே, சேனை சிவகங்கைச் சீமைமேல் திரும்பியது. அச்சேனையில் வெல்ஷும் இருந்தார். தொடையெலும்பு முறிந்து சிறையிற் கிடந்த ஆசானைக் கண்டார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அச்சகோதரர் தூக்கிலிடப்பட்டனர்.

அவரை நன்றி கொன்றவர் என என் நண்பர் ஒருவர் சினந்தார். எனக்கு அவ்வாறு எளிதிற் கூற நா எழவில்லை. மேலோர் ஆணைக்குட்பட்ட சிப்பாய் அவர். எனக்கு ஆணையிட்டார் எவருமில்லை. அன்றியும், தமக்குக் கற்பித்தவர் இன்னாரென்பதை அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. யானோ, சிலம்பம் எவரிடம் கற்றாய் என்று விடுதியிற் கேட்டவர்க்கெல்லாம், தானே பழகியது என்று கூறிவந்தேன்.

சென்ற விடுமுறையில் அத்தோப்புக்குச் சென்றேன். முதியவர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார், கண்ணொளி மங்கியிருந்தது. யான் பேசத் தொடங்கியதும் குரலை அறிந்துகொண்டு, "கம்பு கொண்டு வந்தாயா, தம்பி?" என்றார்.