பாதி வருஷம் ரோடு, பாதி வருஷம் தண்ணீர்... சைபீரியாவின் லேனா நதி!

ரஷ்யாவில் ஒரு நெடுஞ்சாலைக்கு லேனா நெடுஞ்சாலை என்று பெயர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கு நோக்கி ஓடிவரும் அந்தச் சாலை, லேனா நதிக் கரையில் வந்து நின்றுவிடுகிறது. போகவேண்டிய நகரம் எதிர்க்கரையில் இருக்கிறது. நடுவில் பல கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர், பாலம் கிடையாது!

அந்த எதிர்க்கரை நகரம் யாகூட்ஸ்க். மூன்றரை லட்சம் பேர் வாழும் ஊர், யாகூட்டியா என்ற சகா குடியரசின் தலைநகரம். கல்லூரி, மால், தியேட்டர் எல்லாம் உண்டு. அப்படியொரு ஊருக்குப் போக, வருஷத்தில் சில வாரங்களுக்கு ரோடும் இல்லை, படகும் இல்லை. காரணம் லேனா.

லேனா என்றதும் சிலருக்கு நம்மூர் எழுத்தாளர் ஒருவர் ஞாபகத்துக்கு வரலாம். இன்னும் சிலருக்கு லெனின். விளாதிமிர் உல்யானோவ் என்பவர் 1901 வாக்கில் 'லெனின்' என்ற புனைபெயரை எடுத்துக்கொண்டார். அது இந்த நதியின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அப்படியானால், தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராக இருக்கும் லெனின் அண்ணன்களின் பெயரிலும் இந்தச் சைபீரிய ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், லெனின் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த கிராமம் லேனா பக்கத்திலேயே இல்லை. அது யெனிசி என்ற இன்னொரு பெரிய நதியை ஒட்டியது.

பிறந்த இடத்திலிருந்து பார்ப்போம். உலகின் மிக ஆழமான ஏரியான பைக்கால் ஏரிக்கு மேற்கே இருக்கும் மலையில் லேனா பிறக்கிறது. ஏரியிலிருந்து அந்த இடம் 10 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஏரியின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட லேனாவுக்கு வருவதில்லை. பைக்கால் தண்ணீர் அங்காரா என்ற ஆறாக வெளியேறி யெனிசியில் கலக்கிறது. மலையின் ஒரு சரிவில் விழும் மழை யெனிசி வழியாகவும், மறு சரிவில் விழும் மழை லேனா வழியாகவும் ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது. இரண்டும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

லேனாவின் நீளம் சுமார் 4,300 கிலோமீட்டர். காவிரியின் நீளம் 800 கிலோமீட்டர்தான். லேனாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலப்பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் முக்கால்வாசி! வித்திம், ஒலியோக்மா, அல்தான், வில்யூய் என்று துணை நதிகளே ஒவ்வொன்றும் காவிரியைவிட நீளமானவை. வில்யூய் பக்கம் வைரம், வித்திம் பக்கம் தங்கம். வில்யூய்ப் படுகையில் உள்ள மீர் சுரங்கம், 500 மீட்டருக்கு மேல் ஆழமான ராட்சதப் பள்ளம். மேலிருந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை பெரிய நதிக்கு ஒரு சிக்கல். அது வடக்கு நோக்கி ஓடுகிறது.

நம்மூரில் ஆறு எந்தத் திசையில் ஓடினால் என்ன என்று தோன்றும். அங்கே அப்படியில்லை. அக்டோபரில் உறையத் தொடங்கும் லேனா, மே மாதத்தில்தான் உடைகிறது. தெற்கே, மேல்பகுதியில், முதலில் வெயில் வந்து பனி உருகிவிடும். வெள்ளம் கிளம்பும். ஆனால் வடக்கே, கீழ்ப்பகுதியில், ஆறு இன்னும் கல் மாதிரி உறைந்து கிடக்கும். மேலிருந்து அடித்து வரும் பனிப்பாளங்கள் அங்கே வந்து முட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஆற்றின் குறுக்கே தானாகவே ஓர் அணையைக் கட்டிவிடும். பின்னால் வரும் தண்ணீர் எங்கே போகும்? ஊருக்குள்தான்.

2001 மே மாதம் லென்ஸ்க் என்ற ஊரில் இதுதான் நடந்தது. ஊருக்குக் கீழே பனி அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ரஷ்ய விமானப் படையின் குண்டுவீச்சு விமானங்கள் வந்து ஆற்றின் மேல் குண்டு போட்டன. எதிரி மேல் இல்லை, பனிக்கட்டி மேல்! அப்படியும் ஊரின் பெரும்பகுதி மூழ்கியது. மரவீடுகள் அடித்தளத்தை விட்டுப் பெயர்ந்து மிதந்தன. அதன் பிறகு வீடுகளையும் கரையையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

குண்டு போடுவது கடைசி ஆயுதம். அதற்கு முன்பே, ஏப்ரலில், ஆபத்தான வளைவுகளில் ராட்சத ரம்பங்களைக் கொண்டு பனியை நீளநீளமாக அறுத்து வைப்பார்கள். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பனியின் மேல் கரித்தூளைத் தூவிவிடுவார்கள். கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும், அந்த இடம் சீக்கிரம் இளகும். மொட்டைமாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வெயிலை விரட்டுகிறோமே, அதற்கு நேர்தலைகீழ்.

நதியோடு கீழே வந்தால், யாகூட்ஸ்குக்கு முன்னால் கரையோரம் பாறைத் தூண்கள் வரிசைகட்டி நிற்கும். 'லேனா தூண்கள்'. சில 100 மீட்டர் உயரம். 50 கோடி வருஷங்களுக்கு முந்தைய சுண்ணாம்புப் பாறை. குளிர்காலத்தில் மைனஸ் 60, கோடையில் 40 டிகிரி வரை என்று ஒரே வருஷத்தில் சுமார் 100 டிகிரி ஏற்ற இறக்கத்தில் பாறை விரிசல் விட்டு விட்டு, இப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது. 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோடையில் படகில் போய்ப் பார்க்கலாம்.

இனி யாகூட்ஸ்க். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறே ரோடு. ஒன்றரை மீட்டருக்கு மேல் தடிமனான பனியின் மேல் கார், லாரி எல்லாம் போகும். 'இத்தனை டன்னுக்கு மேல் ஏறாதே' என்று பலகை இருக்கும். இதில் ஒரு விதியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது: பனிச்சாலையில் சீட் பெல்ட் போடக் கூடாது. பனி உடைந்து வண்டி உள்ளே போனால், கதவைத் திறந்து குதிக்க வேண்டுமே!

கோடையில் ஃபெர்ரி. வண்டிகள் கரையில் வரிசையில் நின்று ஏறிப்போகும். பிரச்னை இடைப்பட்ட காலத்தில்தான். இலையுதிர்காலத்தில் ஆறு உறையும்போதும், வசந்தத்தில் உடையும்போதும், பனி வண்டியைத் தாங்காது. தண்ணீர் படகை விடாது. அந்த வாரங்களில் காற்றின் மேல் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்ட் உண்டு. கொஞ்சம் பேர்தான் போக முடியும், சரக்கு முடியாது. எதிர்க்கரையில் இருக்கும் கிராமத்து மனிதருக்கு அந்த நேரம் பார்த்து நெஞ்சுவலி வந்தால், பெரிய மருத்துவமனை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் ஆம்புலன்ஸ் போகாது. காய்கறி, முட்டை விலை ஏறும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பது அங்கே குடும்ப வழக்கம். ரயில் பாதைகூட 2011-ல் எதிர்க்கரை வரை வந்து, நெடுஞ்சாலை மாதிரியே அங்கேயே நின்றுவிட்டது.

பாலம் கட்ட என்ன தடை என்று கேட்கலாம். பணம் ஒன்று. பல வருஷங்களாகப் பேசி, 2014-ல் தள்ளிவைத்து, இப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறது. மற்றொன்று, மண். கீழே மண் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. ஆற்றங்கரையில் அது ஓர் இடத்தில் உறைந்தும், ஓர் இடத்தில் இளகியும் இருக்கும். மேலே வருஷாவருஷம் பனிப்பாளங்கள் வந்து மோதும்.

அந்த மண் எவ்வளவு ஆழம் உறைந்திருக்கிறது என்பதற்கு யாகூட்ஸ்கிலேயே ஒரு சாட்சி உண்டு. 1828-ல் ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் கிணறு வெட்ட ஆரம்பித்தார். 10 மீட்டர், 20 மீட்டர்... உறைந்த மண்தான். மனிதர் விடவில்லை. 1837 வரை வெட்டி, 116 மீட்டர் ஆழம் போயும் தண்ணீர் வரவில்லை. உறைபனியே முடியவில்லை! கிணறு தோற்றது, ஆனால் விஞ்ஞானிகள் அதில் இறங்கி வெப்பநிலையை அளந்தார்கள். அந்தக் குழி இன்றும் நகரில் இருக்கிறது.

அதனால்தான் அங்கே கட்டடங்கள் கான்கிரீட் தூண்களின் மேல், தரையைத் தொடாமல் நிற்கின்றன. வீட்டுச் சூடு மண்ணில் இறங்கினால் பனி இளகி, கட்டடம் சாயும். பூமி சூடாகச் சூடாக இந்தக் கவலை அங்கே ஒவ்வொரு வருஷமும் கூடுகிறது.

குளிர் வாழ்க்கையில் சில வசதிகளும் உண்டு. மீன் மார்க்கெட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. உறைந்த மீன்களை விறகுக்கட்டை மாதிரி செங்குத்தாக நட்டு வைத்திருப்பார்கள். அதை மெல்லிசாகச் சீவி, உப்பும் மிளகும் தொட்டுப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். ஸ்ட்ரோகனினா என்று பெயர். கிராமங்களில் குடிதண்ணீருக்கு, குளிர்காலத் தொடக்கத்தில் ஏரிப் பனியைக் கட்டிகட்டியாக அறுத்து வீட்டு வாசலில் அடுக்கிவிடுவார்கள். தேவைப்படும்போது ஒரு கட்டி எடுத்து உருக்கினால் போதும். சகா மக்கள் பெரிய நதியையும் ஏரியையும் மரியாதையாக 'எபே' என்பார்கள். பாட்டி என்று அர்த்தம். நமக்குக் காவிரி தாய், அவர்களுக்கு லேனா பாட்டி.

யாகூட்ஸ்கைத் தாண்டினால் ஊர்கள் அபூர்வம். நதி பல கிலோமீட்டர் அகலத்துக்குத் தீவுகளோடு விரிந்து, பிறகு மலைகளுக்கு இடையே ஒரு குழாய் மாதிரி ஒடுங்கி, ஸ்டோல்ப் என்ற பாறைத்தீவைத் தாண்டியதும் விசிறியாகப் பிரிகிறது. நம்மூரில் டெல்டா என்றால் நெல்வயல். லேனா டெல்டா சுமார் 30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மரம் இருக்காது. வருஷத்தில் ஏழெட்டு மாதம் வெள்ளைத் தரை, ஜூனில் வெள்ளம், பிறகு கொஞ்ச நாளைக்கு அன்னங்களும் வாத்துகளும் குஞ்சு பொரிக்க வரும்.

எத்தனை கிளைகள், எது கடலுக்குப் போகிறது, எது முட்டுச்சந்து என்பது வெளியாட்களுக்குப் புரியாது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் டிலாங்குக்கும் புரியவில்லை. வட துருவத்தைத் தேடிக் கிளம்பிய அவருடைய 'ஜீனெட்' கப்பலை 1881 ஜூனில் கடல்பனி நொறுக்கியது. 33 பேர் மூன்று படகுகளில் லேனாவை நோக்கி வந்தார்கள். ஒரு படகு 8 பேரோடு காணாமலே போனது. ஜார்ஜ் மெல்வில் தலைமையில் வந்த 11 பேர், டெல்டாவின் ஒரு பக்கத்தில் கரையேறி உள்ளூர் மக்களைச் சந்தித்துப் பிழைத்தார்கள். டிலாங்கின் 14 பேர் வடக்குப் பக்கம் இறங்கினார்கள். கையில் இருந்த வரைபடம் தவறு. ஊர் இருக்கும் என்று நடந்த இடத்தில் காலியான குடிசைகள்தான் இருந்தன. உதவி தேடி முன்னால் அனுப்பப்பட்ட இருவர் மட்டும் தப்பினார்கள். மீதிப் பேர் பட்டினியிலும் குளிரிலும் இறந்தார்கள். டிலாங் கடைசி வரை டைரி எழுதினார். கடைசித் தேதி, 1881 அக்டோபர் 30.

அடுத்த மார்ச்சில் மெல்வில் திரும்பி வந்து உடல்களைத் தேடிக் கண்டெடுத்து, வெள்ளம் எட்டாத ஒரு குன்றின் மேல் புதைத்துச் சிலுவை நட்டார். பிறகு உடல்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்தக் குன்றை உள்ளூர்க்காரர்கள் இன்றும் 'அமெரிக்கா மலை' என்றுதான் அழைக்கிறார்கள்.