68 டிகிரி ஆனா கடையைக் கட்டணும்

வளைகுடாப் பகுதியில (சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாங்க, துபாய் இல்ல) பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு ஆகஸ்ட் மாசம்னா ஒரே வேலைதான். ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவை டாஹோ ஏரிக்குக் கூட்டிட்டுப் போய் நாலு போட்டோ எடுக்குறது. நானும் அந்தப் பக்கம்தான் போறேன். ஆனா ஏரிக்கு இல்ல, அந்த ஏரியில இருந்து கிளம்புற டிரக்கி ஆத்துக்கு. ஃப்ரீமாண்ட்ல இருந்து மூணரை மணி நேரம். மூணு வருஷமா ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம் பிடிச்சு அலையுறேன்.

ஃப்ளை ஃபிஷிங் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. சாதாரணத் தூண்டில்ல ஈயக்குண்டுதான் கனம். அதை வீசினா நரம்பு பின்னாடியே போகும். இங்க அப்படியே தலைகீழ். கயிறுதான் கனம். அதோட நுனியில மெலிசா ஒரு நரம்பு, அந்த நரம்புல இறகும் நூலும் சுத்திக் கட்டின ஒரு பொய்ப் பூச்சி. கயிறை முன்னும் பின்னும் சுழட்டி, அந்தப் பூச்சியைத் தண்ணி மேல பஞ்சு மாதிரி இறக்கணும். டிரவுட் மீன் அதை நெசப் பூச்சின்னு நம்பணும். அம்புட்டுதான் விளையாட்டு. சொல்ல நாலு வரி, கத்துக்க ரெண்டு வருஷம்.

கத்துக்கொடுத்தவர் எங்க டீம்ல சர்வர் சமாச்சாரம் பாக்குற ஒரு அமெரிக்கப் பெரியவர். இந்தப் பதிவுக்கு அவரை வாத்தியார்னே வெச்சுக்குவோம். மீன் பிடிக்கிறதை விட, எப்போ பிடிக்கக் கூடாதுங்கிறதைத்தான் அவர் அதிகமா சொல்லிக் கொடுத்தார். இந்தப் பதிவும் அதைப் பத்தித்தான்.

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை கன அடின்னு தினத்தந்தியில படிச்சு வளர்ந்தவங்களுக்கு இது பிடிக்கும். அமெரிக்காவுல முக்கியமான ஆறுகளுக்கெல்லாம் டாஷ்போர்டு உண்டு. புவியியல் ஆய்வுத் துறை ஆத்தங்கரையில கருவி வெச்சு, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து, வினாடிக்கு எத்தனை கன அடின்னு இணையத்துல போடுறாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் நான் முதல்ல பாக்குறது அந்த கிராஃபைத்தான். மே மாசம் பனி உருகி மேல ஏறி நிக்கிற கோடு, ஆகஸ்ட்ல தரையில படுத்துக் கிடக்கும்.

தண்ணி குறைஞ்சா ஆட்டமே மாறிடும். பளிங்கு மாதிரித் தெளிஞ்ச தண்ணி. கரையில நம்ம நிழல் விழுந்தாக்கூட மீன் பாறைக்கடியில ஓடிடும். அதனால குனிஞ்சு, தவழ்ந்து, மீனுக்குப் பின்பக்கமா, அதாவது ஆத்தோட கீழ்ப்பக்கத்துல இருந்து நெருங்கணும். மீன் தண்ணி வர திசையைப் பாத்துத்தான் நிக்கும். நரம்பு 6எக்ஸ் அளவு, அதாவது 0.13 மில்லிமீட்டர் கனம்தான். பூச்சியும் பொடிசா இருக்கணும். ஒரே விதிவிலக்கு வெட்டுக்கிளி. காத்தடிக்கும்போது கரைப் புல்லுல இருந்து வெட்டுக்கிளி தண்ணியில விழும், பெரிய மீனெல்லாம் அதுக்காகவே கரையோரம் காத்துக் கிடக்கும். மத்தபடி, ஆறு கல்லு மேல நுரைச்சு ஓடுற இடத்துலதான் மீன் இருக்கும். அங்கதான் காத்து தண்ணியில கலக்குது.

இப்போ மேட்டருக்கு வருவோம். டிரவுட் குளிர்ந்த தண்ணி மீன். தண்ணி சூடானா அதுல கரையுற ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்துல 10 டிகிரி செல்சியஸ்ல லிட்டருக்கு 11 மில்லிகிராம் கரையும்னா, 20 டிகிரியில 9 தான். டிரக்கி ஊர் கிட்டத்தட்ட 5,800 அடி உயரத்துல இருக்கு, அங்க இன்னும் கம்மி. அதே நேரம் மீனோட உடம்பு சூட்டுல வேகமா வேலை செஞ்சு, அதிக ஆக்சிஜன் கேக்கும். வரவு குறையுது, செலவு ஏறுது. அந்த நேரத்துல நாம தூண்டிலப் போட்டு அதை அஞ்சு நிமிஷம் இழுத்தா? விடும்போது வாலை ஆட்டிட்டுப் போயிடும். நாமளும் சந்தோஷமா கையைக் கழுவிட்டு வந்துடுவோம். கொஞ்ச நேரம் கழிச்சு எங்கேயோ ஒரு பாறைக்கடியில செத்துப் போகும். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, லாக்ல வராத எர்ரர்.

அதனால வாத்தியார் சட்டைப் பையில ஒரு தெர்மாமீட்டர் கயிறு கட்டித் தொங்கும். 68 டிகிரி பாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ். அதைத் தொட்டா கடையைக் கட்டிடணும். இது சட்டம் இல்ல, அவரோட கணக்கு. மான்டானா மாநிலத்துல சட்டமாவே வெச்சிருக்காங்க. தண்ணி தொடர்ந்து மூணு நாள் 73 டிகிரியைத் தொட்டா, மதியம் 2 மணியில இருந்து நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை போடுவாங்க. அதுக்கு 'ஹூட் அவுல்' தடைன்னு பேரு. ஹூட் அவுல்னா ஆந்தை. காட்டுத்தீ பயத்தால கோடையில ஆந்தை கத்துற விடிகாலையிலேயே மரம் வெட்டுறவங்க வேலைய முடிச்சிடுவாங்களாம், அதுல இருந்து வந்த பேரு.

போன ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை. காலைல 6 மணிக்குத் தண்ணி 61 டிகிரி. மூணு சின்ன மீன் வந்துச்சு, விட்டோம். 9 மணிக்கு 65. பத்தரை மணி வாக்குல எதிர்க்கரையில, வில்லோ மரத்து நிழல்ல, ஒரு பழுப்பு டிரவுட் மேல வந்து பூச்சி தின்ன ஆரம்பிச்சுது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தலை தெரியுது. முழங்கைல இருந்து விரல் நுனி வரைக்கும் நீளம் இருக்கும். அந்த சைஸ் மீனை அதுவரைக்கும் நான் தொட்டதே இல்ல. வெட்டுக்கிளி ஒண்ணைக் கட்டி, முட்டி போட்டு, வீசுற தூரத்துக்கு நகர்ந்துட்டேன்.

பின்னாடி வாத்தியார் தெர்மாமீட்டரைத் தண்ணியில இருந்து எடுத்தார். ஒண்ணும் சொல்லல. என்கிட்ட நீட்டினார். 68.

அவர் கயிறைச் சுத்த ஆரம்பிச்சுட்டார். நான் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். ரெண்டு வாரம் ரிலீஸ் டென்ஷன், மூணரை மணி நேர டிரைவ், கண்ணு முன்னாடி மீன். அது இன்னொரு தடவை தலையைக் காட்டிச்சு. பூச்சியைக் கழட்டி டப்பாவுல போட்டேன். வயிறு எரிஞ்சுதுங்க, பொய் சொல்லல :-)

அன்னைக்கு சாயந்தரம் ஊருக்குப் போன் போட்டேன். எங்க ஊரு அம்பாசமுத்திரம், தாமிரபரணிக்கரை. கதையைக் கேட்டுட்டு அப்பா சொன்னாரு:

"ஏல, திங்கதுக்கும் இல்லாம, விடுததுக்கு எதுக்குல புடிக்க? அந்த ஜீவன் உனக்கு என்ன பாவம் செஞ்சுது?"

எங்க தாத்தாவும் தூண்டில் போட்டவர்தான். கோடையில தண்ணி இறங்கினா மீனெல்லாம் கசத்துக்குள்ள வந்து ஒதுங்கும். தாத்தா மண்புழுவைக் குத்தி அங்கதான் போடுவாரு. கெண்டையோ கெளுத்தியோ எது வந்தாலும் அன்னைக்கு ராத்திரி ஆச்சி வைக்கிற குழம்பு. அவருக்கு ஆறு வத்துறது நல்ல சேதி.

அப்பா கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. அந்த வால் ஆட்டத்தைக் கையில உணர்றதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அதுக்குத்தான் போறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. தாத்தா வயித்துக்குப் பிடிச்சாரு, நான் விளையாட்டுக்குப் பிடிக்கிறேன். விளையாட்டுக்குப் பிடிக்கிறவனுக்குச் சலுகை கம்மி. ஆத்துக்குக் கஷ்டம் வந்தா முதல்ல எந்திரிச்சுப் போக வேண்டியவன் அவன்தான்.

டிரக்கிக்குக் கஷ்டம் புதுசும் இல்ல. கடலுக்கே போகாத ஆறு அது. சுமார் 190 கிலோமீட்டர் ஓடி நெவாடாவுல பிரமிட் ஏரியில முடிஞ்சிடும். அந்த ஏரியில லஹோன்டன் கட்த்ரோட்னு ஒரு டிரவுட் இருந்துச்சு. 1925-ல அங்க பிடிச்ச ஒண்ணு 41 பவுண்டு, கிட்டத்தட்ட 18.6 கிலோ. 1905-ல கட்டின டெர்பி அணை வழியா ஆத்துத் தண்ணியைப் பாசனத்துக்குத் திருப்பினாங்க. ஏரி இறங்கிச்சு, முட்டை போட ஆத்துல ஏற வழியில்லாம 1940-களுக்குள்ள அந்த ஏரி இனம் அங்க அத்துப் போச்சு. அதோட வாரிசுகளை யூட்டாவுல ஒரு சின்ன ஓடையில கண்டுபிடிச்சு, 2006-ல இருந்து திரும்ப ஏரியில விட்டுட்டு வராங்க. 2014 அக்டோபர்லயும் 2021 அக்டோபர்லயும் டாஹோ ஏரியே இயற்கையான விளிம்புக்குக் கீழ இறங்கி, அதுல இருந்து ஆத்துக்கு வர தண்ணி நின்னு போச்சு. அப்படிப்பட்ட ஆத்துல ஒரு மீன் என் சந்தோஷத்துக்காக சாக வேண்டாம்.

இந்தப் பக்கம் யாராவது தூண்டிலும் கையுமா கிளம்பினா, வாத்தியார் சொன்னதுல நாலு:

1. லைசென்ஸ் எடுங்க. கலிஃபோர்னியாவுல 16 வயசுக்கு மேல எல்லாருக்கும் வேணும்.

2. கோடையில விடிகாலை மட்டும் போங்க. சாயந்தரம் நமக்குத்தான் குளுகுளுன்னு இருக்கும், பகல் முழுக்க வாங்கின சூடு தண்ணியில அப்படியே நிக்கும்.

3. கொக்கியோட எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கிடுங்க, சட்டுன்னு கழண்டுக்கும். கையை நனைச்சுட்டு மீனைத் தொடுங்க. போட்டோவுக்காகத் தண்ணிக்கு வெளிய தூக்கிப் பிடிச்சுட்டு நிக்காதீங்க.

4. தெர்மாமீட்டர் பத்து டாலர் சமாச்சாரம். வாங்கிடுங்க.

பி.கு: அந்த வில்லோ மரம் எங்க இருக்குன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அக்டோபர்ல தண்ணி குளிர்ந்ததும் நான் போகணும் ;-)