கூரை ஒருவருக்கு, கட்டணம் இன்னொருவருக்கு

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துக என்னும் அறிவுரையைப் பாடசாலைக் காலந்தொட்டே கேட்டு வருகிறோம். விளக்கை அணைத்தல், விசிறியை நிறுத்தல் என்பவற்றோடு அது முடிந்துவிடுகிறது. ஆயின், சிக்கனம் செய்ய விரும்புபவருக்கு அதற்கான உரிமையே இல்லாதவிடத்து என்ன செய்வது? கல்முனைப் பிரதான வீதியில் வாடகைக் கடை நடத்தும் ஒருவரின் மகன் என்ற வகையில் இவ்வினா என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது.

எங்கள் ஊர்க் கடைத்தொகுதிகள் பலவற்றில் கட்டடம் ஒருவருடையது, வாணிபம் மற்றொருவருடையது. முற்பணமும் மாத வாடகையும் பேசி உடன்படிக்கை எழுதுவர். மின்கட்டணம் வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

வாப்பாவின் புடைவைக் கடை மேற்கு நோக்கியது. மேலே வெறுங் கொங்கிறீற்றுத் தட்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களிற் பிற்பகல் அனலாய்க் கொதிக்கும். குளிரூட்டி ஓயாது இயங்கும். தட்டுக்கு வெண்பூச்சும் முகப்பிற்கு நிழற்கூரையும் இட்டுத் தருமாறு வாப்பா கேட்டார். "பில் கட்டுறது நீங்கதானே காக்கா, எனக்கு இதில என்ன லாபம்?" என்றார் உரிமையாளர். வாப்பாவும் தம் பணத்தைச் செலவிடத் துணியவில்லை. உடன்படிக்கை முடிந்ததும் பூச்சும் நிழலும் அடுத்து வருபவருக்கே உரியனவாகும். இருவர் கணக்கும் சரியானதே, வீணாவது மின்சாரமே.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் அது குறைந்தும் கூடியும் வந்துள்ளது. குளிரூட்டியை நிறுத்தினால் வாடிக்கையாளர் வாரார். நிறுத்தாவிடிற் கட்டணம் கட்டி மாளாது. ஈற்றில், கடையில் நின்ற இருவருள் ஒருவரை வாப்பா அனுப்ப நேர்ந்தது. கூரையின் வெப்பத்துக்கு ஓர் ஏழைக் குடும்பம் விலை கொடுத்தது.

இது கடைக்காரரின் துன்பம் மாத்திரமன்று. 900 மெகாவற் கொள்ளளவுடைய நுரைச்சோலை நிலையம் நிலக்கரியால் இயங்குகிறது. நிலக்கரியாற் பிறப்பிக்கும் ஓரலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கிறது. 2050இற் காபன் சமநிலையை எய்துவதாக உலகத்தின் முன் நம் நாடு உறுதியளித்துள்ளது.

சட்டம் இதில் என்ன செய்யலாம்? இங்கிலாந்திலும் வேல்சிலும் கட்டடங்களின் வலுத்திறனுக்குத் தரம் குறிக்கிறார்கள். குறித்த தரத்துக்குக் கீழான வணிகக் கட்டடங்களைப் புதிதாக வாடகைக்கு விடுவது, சில விலக்குகள் நீங்கலாக, 2018 ஏப்ரலில் தடுக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அத்தடை நடப்பிலுள்ள குத்தகைகளுக்கும் விரிந்தது. கடமை அங்கே கூரைக்கு உடையவர்மீது விழுகிறது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகார சபையை நிறுவியது. பெருநுகர்வோருக்கான வலு முகாமைக்கும் அதில் ஏற்பாடு உண்டு. ஆயினும் எங்கள் சிறு வாடகைக் கடைகளின் உடன்படிக்கைக்குள் அதன் குரல் எட்டவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருத்தச் செலவை உரிமையாளர் ஏற்கட்டும். கட்டணத்தில் மீதமாகும் தொகையில் ஒரு பங்கை, அச்செலவு தீரும்வரை, வாடகையோடு வாடகையாளர் கொடுக்கட்டும். உடன்படிக்கையில் இவ்வாறு இன்னும் ஒரு வரி சேர்ந்தால் இருவர்க்கும் நட்டமில்லை. அவ்வரியை எழுதுவிக்க எங்கள் ஊர் வர்த்தகர்கள் முன்வர வேண்டும் என்பதே என் துணிபு.