மலைக்கோவிலின் திறவுகோல்

ஐரோப்பியக் கோவில் என்றதும் வானளாவிய கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுமே நம் நினைவில் எழுகின்றன. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில், அவற்றிற்கு முந்திய ரோமனெஸ்க் பாணியை ‘அரைவட்ட வளைவு, பருத்த சுவர், சிறிய சாளரம்’ என்று தேர்வுக்காக மனனம் செய்ததோடு நாம் நின்றுவிட்டோம். அப்பாணியின் அருமையைப் பின்னர் நமக்கு உணர்த்தியது ஒரு மலையூர்க் கோவிலின் வரலாறு.

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில், பிரனீஸ் மலைகளிடையே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் தாவுல். அங்குள்ள புனித கிளமெந்து ஆலயம் கல்லால் ஆனது. உருண்ட தூண்கள் உள்ளிடத்தை மூன்றாகப் பிரிக்கின்றன, மேலே மரக்கூரை. பீடப்பக்கம் மூன்று அரைவட்ட மாடங்களாக முடிகிறது. பக்கத்தில் ஆறடுக்குச் சதுர மணிக்கோபுரம் ஓங்கி நிற்கிறது.

இவ்வாலயத்தின் பிறப்புச் சான்று அதன் தூண் ஒன்றிலேயே தீட்டப்பட்டிருந்தது. 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஆயர் இராமோன் வந்து ஆலயத்தை நேர்ந்தளித்து, பீடத்தில் புனித கொர்னேலியுவின் திருப்பண்டங்களை வைத்தார் என்று அது கூறுகிறது. மறுநாளே அவ்வூரின் புனித மரியா ஆலயத்தையும் அவர் நேர்ந்தளித்தார். கடுங்குளிர் காலத்தில் மலையேறிச் சென்ற அந்த ஆயரை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

நடுமாடத்தில் ஆசி வழங்கும் கிறிஸ்து அரசர் வீற்றிருந்தார். அவர் கையிலிருந்த திறந்த ஏடு அவரை உலகின் ஒளியென அறிவித்தது. எழுத்தறியா உழவரும் மேய்ப்பரும் அவ்வோவியத்தைக் கண்டே மறையறிவு பெற்றனர்.

1919ஆம் ஆண்டில் ஒரு துயரம் நேர்ந்தது. அதே கட்டலோனியாவின் மூர் என்னுமிடத்துப் புனித மரியா கோவிலின் சுவரோவியம் விலைபோய், சுவரினின்று உரித்தெடுக்கப்பட்டது. இன்று அது அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிற ஊர்க் கோவில்களுக்கும் இதே கதி நேருமென்று அஞ்சிய பார்சலோனா அருங்காட்சியகக் குழுவினர், 1923க்குள் தாவுல் ஓவியங்களையும் தாமே வாங்கினர். இத்தாலிய வல்லுநர் பசை தடவிய துணியை ஓவியத்தின்மேல் ஒட்டி, வண்ணப்படலத்தை உரித்துப் பார்சலோனாவுக்குக் கொண்டு சென்றனர். ஓவியம் பிழைத்தது; ஆனால் மூதாதையர் கண்ட திருமுகம் ஊராரின் கோவிலில் இல்லாமற் போயிற்று. 2000ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கின் ஆலயங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. 2013 முதல் அவ்வோவியம் ஒளிக்கதிர்களால் பழைய மாடத்தில் மீண்டும் காட்டப்பட்டு வருகின்றது.

அன்பார்ந்த வாசகர்களே! கோவிலின் திறவுகோல் பங்குக் குருவிடமோ பேரவையிடமோ இருக்கலாம். எனினும் நாம் காவலரேயன்றி உரிமையாளர் அல்லோம். கட்டியவர்க்கும் இனிப் பிறக்கவிருப்போர்க்கும் அதில் பங்குண்டு. எனவே பழைய பீடத்தையோ, மணியையோ, சுரூபத்தையோ அகற்ற முற்படுமுன், ஊர்ப் பெரியோரையும் இளைஞரையும் ஒருசேர அழைத்துக் கேட்போமாக. விற்றதை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு மூர்க் கோவிலே சான்று.